மடியில் வைக்காத பெட்டி

மாப்ள,

பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது மீன்வாடை. அதற்குப் பின்னால்தான் தின்னர் வாடை. ஐஸ் போட்டு மீன் அனுப்புகிற தெர்மாகோல் பெட்டியை அளவாக வெட்டி, உள்ளே ஒரு கார் ஆடாமல் உட்காருகிற மாதிரி குழி தோண்டி நீ செய்த பெட்டி. எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவியிருப்பேன்! "விடு மாப்ள, உள்ள இருக்கிற காருக்கு மூக்கா இருக்கு?" என்பாய். இப்போது அபிராமத்தில், என் மாடி அறையில், மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே அந்த வாடையோடு உட்கார்ந்திருக்கிறேன். வெளியே ஐப்பசி மழை. மேசையில் உன் வெள்ளை அம்பாசடர் நிற்கிறது, ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான நீளத்தில்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டியது. சொல்லாமல் விட்டேன்.

நாம் பழகியதே ஒரு பொய்யில்தான் தொடங்கியது, நினைவிருக்கிறதா? ராமநாதபுரத்தில் அந்தக் கூரியர் ஆபீஸ். உனக்கு ஒரு பார்சல், எனக்கு ஒரு பார்சல், இரண்டின் மேலும் ஒரே மாதிரி கார்ப் படம். "பிள்ளைக்கு வெளையாட்டுச் சாமானா?" என்று கவுன்டரில் இருந்த பெண் கேட்டது. "ஆமா, மகனுக்கு" என்றாய். பின்னால் நின்ற நானும் அதையே சொன்னேன். வெளியே வந்ததும் உன் டாக்சியில் சாய்ந்துகொண்டு, "உங்க மகனுக்கு எத்தன வயசு?" என்று கேட்டாய். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்றேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "எனக்கு ரெண்டும் பொம்பளப் பிள்ளைங்க!" நாற்பதைத் தாண்டிய இரண்டு பேர், துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக்கை ஒட்டிக் குட்டிக் கார் செய்கிறோம் என்று சொல்ல வெட்கப்பட்டு, இல்லாத மகன்கள்மேல் பழியைப் போட்டிருந்தோம். ஊரில் என்னை 'சொப்பு வச்சு வெளையாடுறவன்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். உன்னைப் பார்த்த அன்றைக்குத்தான் அது எனக்கு உறைக்காமல் போனது.

தங்கச்சிமடத்தில் உன் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே நாலு தென்னை மட்டும்தான். அந்த ஈரக் காற்றில் பெயிண்ட் அடித்தால் காய்வதற்குள் பூத்துப்போகும். நீ அடித்த சிவப்புக் கார் சாம்பல் பூசியதுபோல் ஆனதைக் காட்டி, அழாத குறையாக நின்றாய். எனக்கோ பெயிண்ட் கச்சிதமாக வரும். எங்கள் ஊரில் ஈரம் என்பதே வருடத்தில் இரண்டு மாதம். ஆனால் நான் ஒட்டிய கார் எதுவும் நாலு சக்கரத்தில் நின்றதில்லை. எல்லாம் நொண்டி. அதனால் ஒட்டுவது நீ, பெயிண்ட் அடிப்பது நான் என்று ஆனது. உன் தீவுக்கும் என் கரிசல் காட்டுக்கும் நடுவே பெட்டி போய் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடை, இரண்டு டீ, கை மாறும் பெட்டி. உள்ளே உன் துண்டுச் சீட்டு இருக்கும். 'கூரை கறுப்பு. பம்பருக்கு வெள்ளி. அவசரப்படாதே.'

சீட்டில் எழுதாத கட்டளை ஒன்றும் உண்டு. "பஸ்ல பெட்டி மடியிலதான் இருக்கணும். ஒம் பிள்ளைன்னு நெனச்சுக்க" என்று முதல் தடவை சொன்னாய். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாய். எனக்கு அது குத்தவில்லை மாப்ள. மடியில் வைத்துக்கொண்டு போக எனக்கு வேறு என்ன இருந்தது? பரமக்குடி பஸ்ஸில் கண்டக்டர் மூக்கைச் சுளித்து, "என்னண்ணே, கருவாடா?" என்பான். "இல்லப்பா, காரு" என்பேன். நான் கிண்டல் பண்ணுவதாக நினைத்துக்கொண்டு போய்விடுவான். அப்படிப் பதினோரு கார் என் மடியில் வந்துபோயின.

பன்னிரண்டாவதுதான் இது. உன் சொந்த டாக்சி. அதை ஒட்டிச் செய்யக் கடையில் துண்டுகள் கிடைக்காது. பழைய இரும்புக் கடைக்கு ஏற்றுவதற்கு முன்னால் வண்டியை அங்குலம் அங்குலமாக அளந்து வைத்துக்கொண்டு, வெறும் பிளாஸ்டிக் தகட்டில் எட்டு மாதம் வெட்டி வெட்டிச் செய்தாய். ஹெட்லைட் கண்ணாடி உன் சர்க்கரை மாத்திரை அட்டையிலிருந்து வந்தது. கதவுக் கைப்பிடி, சேலைக்குக் குத்தும் ஊக்கு. முடிந்ததும் பெட்டியை டேப் ஒட்டிக் கொடுத்தாய். "இங்கன தொறக்காத. வீட்டுல போய்ப் பாரு."

அன்று முகூர்த்த நாள். பரமக்குடியில் ஏறியபோது பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பெட்டி. கொஞ்ச நேரம் சமாளித்தேன். பிறகு பெட்டியை மேலே சாமான் வைக்கும் தட்டில் வைத்தேன். அடுத்த நிறுத்தத்தில் யாரோ ஏறி, அதன்மேலேயே ஒரு மூட்டையைத் தூக்கிப் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்து திறந்தால், பின்பக்கம் இடது மட்கார்டில் ஒரு ஒடுக்கு. மற்ற மூன்று மட்கார்டும் பிளாஸ்டிக். இது மட்டும் பவுடர் டப்பாத் தகரம். தகடு தீர்ந்துபோய்த் தகரத்தை வைத்திருக்கிறாய், அதுதான் நசுங்கிவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். உன் சீட்டில், 'வெள்ளை மட்டும். வேறு எதையும் தொடாதே' என்று இருந்தது. முன்பு ஒரு காருக்கு உன்னைக் கேட்காமல் கறுப்புப் பட்டை போட்டு உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அதைத்தான் சொல்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன்.

போனை எடுத்தேன், வைத்தேன். மடியில் வைக்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது? ஒடுக்கில், பெயிண்டுக்கு முன்னால் பள்ளத்தை அடைக்கும் பட்டியை வைத்து நிரப்பினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். விரலுக்கே தெரியாத அளவுக்கு இரண்டு நாள் தேய்த்தேன். ஈரமில்லாத கச்சான் காற்று வீசிய ஒரு பகலில் வெள்ளை அடித்தேன். நான் அடித்ததிலேயே நல்ல பெயிண்ட் அதுதான். எனக்கே பெருமையாக இருந்தது, வெட்கங்கெட்ட பெருமை.

டீக்கடையில் நீ காரை வெளியே எடுத்தாய். உன் கட்டைவிரல் நேராக அந்த இடது மட்கார்டுக்குத்தான் போனது. அங்கேயே நின்றது. உன் டீயில் ஆடை படிந்தது. நான் பஸ் போர்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், "நல்லாத்தான் இருக்கு மாப்ள" என்றாய். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நீ ஞாயிற்றுக்கிழமைகளில் வரவில்லை. கண்டுபிடித்துவிட்டாய், கோபமாக இருக்கிறாய் என்று பயந்து நான் போன் செய்யவில்லை. நீ மதுரை ஆஸ்பத்திரிக்கு நெஞ்சு வலியோடு அலைந்துகொண்டிருந்தாய் என்பது, நீ போன செய்தி வந்த அன்றுதான் தெரியும். நாலு மாதம் மாப்ள. உன்னோடு பேசியிருக்கக்கூடிய நாலு மாதத்தை, ஒரு பயறு அளவுப் பட்டியை வைத்து மூடிவிட்டேன்.

இந்த ஒரு வருடத்தில் மூன்று ஞாயிறு சும்மாவே ராமநாதபுரம் போய் வந்தேன். ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். எங்கே போனாய் என்று கேட்க வீட்டில் ஆளில்லை. அது எப்போதும் வசதி என்று சொல்லிக்கொள்வேன். இப்போது அப்படிச் சொல்ல வரவில்லை.

போன வாரம் உனக்கு முதல் வருச நினைவுத் திருப்பலி. கோயிலில் கடைசி வரிசையில் நின்றேன். உன் வீட்டில் கார், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பக்கக் கண்ணாடி ஒன்று கழன்று விழுந்திருந்தது. ஒட்டித் தருகிறேன் என்று கையில் எடுத்தேன். தங்கச்சி டீயோடு வந்து நின்றது. உன் மனைவியை நான் வேறு எப்படிக் கூப்பிட்டிருக்கிறேன்?

"எல்லாம் அச்சு அசலா அப்படியே இருக்குண்ணே. அந்த ஒடுக்கு மட்டும் இல்ல."

"எந்த ஒடுக்கு?"

"இந்தா, இங்கன. நான் வண்டி பழகுறேன்னு ரிவர்ஸ் எடுத்து மாதா கோயில் செவத்துல இடிச்சது. அன்னைக்கு அழுத அழுகையில வண்டியத் தொடுறதையே விட்டுட்டேன். டிங்கரிங் பண்ணுங்கன்னு எத்தன தடவ சொன்னேன், கேக்கலையே. 'இருக்கட்டும்டி, நீ வண்டி ஓட்டுனதுக்கு வேற என்ன அத்தாட்சி இருக்கு'ம்பாரு. இரும்புக் கடைக்கு ஏத்தும்போது கூட அதத் தடவிக் குடுத்துட்டுத்தான் விட்டாரு."

காரை மேசையில் வைத்துவிட்டேன்.

"கல்யாண நாளுக்கு இதக் கையில குடுத்தாரு. மொதல்ல அங்கதான் பாத்தேன். 'என்னங்க, ஒடுக்கு எங்க'ன்னு கேட்டேன். 'மறந்துட்டேன்டி'ன்னுட்டாரு. அத எப்படிண்ணே மறப்பாரு?"

எனக்காக அந்தப் பழியை நீ வாங்கிக்கொண்டாய். பிளாஸ்டிக் நசுங்காது, விரிசல்தான் விடும். அதனால்தான் அந்த ஒன்றை மட்டும் தகரத்தில் செய்திருக்கிறாய். ஒருத்திக்காக எட்டு மாதம் செய்ததை நான் இரண்டு நாளில் தேய்த்து அழித்தேன். நீயோ என்னைக் காட்டிக்கொடுக்காமல், 'மறந்துட்டேன்' என்று சொல்லி, அவளுக்கு மறதிக்காரப் புருசனாகப் போய்ச் சேர்ந்தாய். தங்கச்சி அப்படிக் கேட்டபோதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். டீயைக் குடித்தேன். பெட்டியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

இன்று காலை கண்ணாடியை ஒட்டி முடித்தேன். பிறகு ஊசியை எடுத்து அந்த மட்கார்டைச் சுரண்டினேன். வெள்ளை உரிந்தது. பட்டி தூள் தூளாக வந்தது. அடியில் தகரம் மின்னியது. ஒடுக்கு அப்படியே இருந்தது மாப்ள, ஓரத்து மடிப்புக் கூடக் கலையவில்லை. சுண்டுவிரல் வைத்துப் பார்த்தேன், சேரவில்லை. கட்டைவிரலை வைத்தேன், சரியாக உட்கார்ந்தது. நீ உன் கட்டைவிரலால் அழுத்தித்தான் அதைச் செய்திருக்கிறாய். அன்று டீக்கடையில் நீ விரலை வைத்துத் தேடியது அதைத்தான். விரலை எடுக்க மனமில்லாமல் வெகுநேரம் அப்படியே இருந்தேன். அழுதேன். மறைக்க இங்கே யார் இருக்கிறார்கள்?

திரும்ப வெள்ளை அடிக்கவில்லை. மழைக் காலத்தில் அடித்தால் பூத்துப்போகும். தகரம் தெரிந்தபடியே இருக்கட்டும்.

தங்கச்சிக்குப் போன் போட்டேன். "அவன் மறக்கலம்மா. ஒடுக்கு வச்சுத்தான் செஞ்சிருந்தான். பஸ்ல நசுங்கிருச்சுன்னு நெனச்சு நாந்தான் மூடிட்டேன். ஒங்கிட்ட எனக்காகப் பொய் சொல்லிருக்கான்."

அங்கேயும் மழை பெய்வது கேட்டது.

"ஒரு வருசமா அவரு மேல கோவமா இருந்துருக்கேண்ணே," என்றது கடைசியில். "படத்துக்கு முன்னால நின்னு சண்ட கூடப் போட்டுருக்கேன்."

என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் ஆறியிருக்கும். திட்டவில்லை. மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "நாளைக்கே கொண்டாங்க. பெட்டிய மடியில வச்சுக் கொண்டாங்கண்ணே" என்றது. உன் கட்டளை அதற்கும் தெரிந்திருக்கிறது.

கொண்டுபோகிறேன். உட்கார இடம் கிடைக்கிற பஸ் வரும்வரை எத்தனை பஸ்ஸை வேண்டுமானாலும் விடுவேன். பாம்பன் பாலத்தில் சாரல் அடித்தால் சட்டையைக் கழற்றியாவது மூடிக்கொள்வேன். அவள் கையில் கொடுத்து, அவள் கட்டைவிரல் அந்த இடத்துக்குப் போவதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

திரும்பி வரும்போது பெட்டி இருக்காது. தங்கச்சிமடத்திலிருந்து அபிராமம் வரைக்கும் இந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை மாப்ள.