இன்னைக்கு விரிஞ்ச வெனிலாப் பூ

ஏங்க,

நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் படுத்துடாதீங்க. பால்கனியில வெனிலாக் கொடி ஒரு பூ விட்டிருக்கு. மத்தியானத்துக்குள்ள வாடிடும். தேனீயை நம்பிப் பிரயோஜனமில்லை, நாமதான் கையால மகரந்தம் சேர்க்கணும். பல் குத்துற குச்சி ஜன்னல்ல இருக்கு. பூவுக்குள்ள நாக்கு மாதிரி இருக்கிற மடலைக் குச்சியால தூக்கிட்டு, மகரந்தத்தைக் கட்டைவிரலால மெதுவா ஒத்துங்க. போன வாரம் ரப்பர் ஸ்டாம்ப் குத்துற மாதிரி அழுத்தி, பூவோட கழுத்தையே ஒடிச்சீங்க.

நான் அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன். விடிகாலையில கொஞ்சம் ரத்தம் பட்டிருந்தது. பயப்படாதீங்கன்னு ரெண்டு தடவை எழுதி அடிச்சுட்டேன். ஸ்கேன் முடிஞ்சதும் நானே கூப்பிடுறேன். நீங்க போன் பண்ணாதீங்க.

குழந்தை விஷயத்தை மூணு மாசம் முடியிற வரைக்கும் யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். ஓட்டை வாய், நேத்து அத்தைகிட்ட உளறியாச்சு. போன தடவையும் எல்லாருக்கும் சொன்னது நீங்க. அப்புறம் ஒவ்வொருத்தர்கிட்டயா "இல்லை"ன்னு சொன்னது நான்.

கோபம் ஆறலை. சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சாப்பிடுங்க.

பி.கு.: மகரந்தம் ஒட்டினா, வாடினாலும் பூ காம்புலயே நிக்கும். ஒட்டலேன்னா நாளைக்கே உதிர்ந்துடும்.

இன்னொண்ணு. நாளைக்குக் காலையில எனக்கு முன்னாடி நீங்க போய்ப் பாருங்க. கீழே கிடந்தா சத்தம் போடாம எடுத்துப் போட்டுடுங்க. நிக்குதுன்னா மட்டும் என்னை எழுப்புங்க.