முட்டியோடு கழற்றுகிற பேண்ட்

ஏப்ரல் 6, 2025, ஞாயிறு

காலையில் வடமதுரையிலிருந்து மலைச்சாமி போன் செய்தார். என் மகள் தமிழ்மதியைப் பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை ஸ்ரீஹரியின் அப்பா. வைகாசியில் பூ முடிப்பு என்று பேச்சு. இன்னும் தட்டு மாற்றவில்லை, அதற்குள் வாய்க்கு வாய் சம்பந்தி என்கிறார். மே நாலாம் தேதி அவருடைய ஞாயிற்றுக்கிழமை நடைக் கூட்டத்தோடு சிறுமலை ஏற நானும் வரணுமாம். சரி என்றேன். போனை வைக்கப்போகிற நேரத்தில்தான் அந்த வார்த்தை வந்தது.

"முட்டியோட கழட்டுற மாதிரி பேண்ட்டு விக்கிது சம்பந்தி. கோடைக்கு லேசா இருக்கும். ஒண்ணு வாங்கிருங்க, வழியில ஓடை இருக்கு."

அதென்ன முட்டியோடு? மலை ஏறுகிறவனுக்குச் செருப்பைச் சொல்லலாம், தொப்பியைச் சொல்லலாம். நேராக முட்டிக்கு ஏன் வந்தார்?

ஏப்ரல் 8, செவ்வாய்

மெயின் ரோட்டில் இரண்டு கடை ஏறி இறங்கினேன். இரண்டாவது கடையில் இருந்தது. சாம்பல் நிறம், முட்டிக்கு மேலே சுற்றிலும் சிப்பு. இழுத்தால் கீழ்ப்பாதி தனியாக வந்துவிடும், மேலே இருப்பது டவுசர். எடை 290 கிராம் என்று அட்டையில் அச்சடித்திருந்தான். பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தருவதாகப் பேசி எடுத்துப்போய் ஆபீஸ் தராசில் வைத்தேன். 338. முப்பது வருடமாகத் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை போடுகிற ஆய்வாளன் நான், என்னிடமே எடைக் குறைப்பா?

சாயங்காலமே திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர், ஈரப்பதத்தில் கூடியிருக்கும் சார் என்றார். ஏப்ரல் மாதத்துத் திண்டுக்கல்லில் ஈரப்பதம்!

ஏப்ரல் 9, புதன்

ஓடை இருக்கிறது என்றால் எந்த ஓடை? இந்த வெயிலுக்கு எதில் தண்ணீர் ஓடுகிறது?

ஏப்ரல் 13, ஞாயிறு

இந்த நோட்டில்கூட நான் இதுவரை எழுதியதில்லை. எழுதிவிடுகிறேன்.

எனக்கு இரண்டு காலிலும் முட்டிக்குக் கீழே வெண்புள்ளி. முப்பத்தோரு வயதில் இடது காலில் ஒரு மொச்சை அளவுக்கு வந்தது. இப்போது கெண்டைக்கால் முழுக்கப் பரவியிருக்கிறது. நல்லவேளை, முகத்துக்கும் கைக்கும் வரவில்லை. ஒட்டாது, வலிக்காது, பிள்ளைக்கு வந்தே தீரும் என்றும் கிடையாது என்று மூன்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். டாக்டர் சொல்வதை யார் கேட்கிறார்கள்? எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்குத் தாய்மாமன் கழுத்தில் இருந்த புள்ளிக்காக மண்டபம் பேசிய பிறகு கல்யாணம் நின்றது. அந்த மண்டபத்துக்கு நானும் போக இருந்தவன்தான்.

இருபத்தைந்து வருடமாக நான் வேட்டியை மடித்துக் கட்டியதில்லை. ஊரில் எல்லா ஆம்பளையும் மடித்துக் கட்டிக்கொண்டு நடப்பான். பெரியவர் யாராவது எதிரே வந்தால் மரியாதைக்கு இறக்கிவிடுவான். நான் எப்போதும் இறக்கியே கட்டியிருப்பேன். அதனால் எனக்கு ஒரு பெயர். "இளஞ்செழியன் சார் சின்னப்புள்ளைக்குக்கூட மரியாதை குடுக்குற மனுசன்." மலைச்சாமியும் பெண் பார்க்க வந்த அன்று இதையே சொன்னார். அப்போது குளிர்ந்து போனேன். இப்போது யோசித்தால் வேறு மாதிரி இருக்கிறது. எதற்கு அந்த ஆள் என் வேட்டியைக் கவனித்தார்?

தமிழ்மதிக்கு ஆறு வயதில் ஒருநாள் என் காலைத் தடவி, ஏம்ப்பா இங்க மட்டும் வெள்ளையா இருக்கு என்று கேட்டாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அவள் அதன்பின் கேட்கவே இல்லை.

ஏப்ரல் 17, வியாழன்

தெரிந்துபோயிற்று. யார் வேலை என்று தெரிந்துபோயிற்று.

சாணார்பட்டியில் முத்திரை முகாம் முடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், டீக்கடை ஓரம் மலைச்சாமியும் கிறிஸ்துராஜும் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கிறிஸ்துராஜ் என் ஆபீஸ் உதவியாளர். சொந்த ஊர் வடமதுரை. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் மழையில் ஜீப் சேற்றில் சிக்கிய அன்று என் பேண்ட்டைச் சுருட்டிவிட்டுத் தள்ளினேன். கூடத் தள்ளியது இவர் ஒருவர்தான். டாக்டர்களை விட்டால், வீட்டுக்கு வெளியே என் காலைப் பார்த்த ஒரே ஆள்.

பார்த்தும் பார்க்காதது மாதிரி வந்துவிட்டேன். அடப்பாவி, பதினெட்டு வருசம் கழிச்சா வாயத் தொறப்ப? எம்மக கல்யாணந்தான் கெடச்சுச்சா?

ஏப்ரல் 18, வெள்ளி

புனித வெள்ளி, ஆபீஸ் லீவு. போனிலேயே கேட்டுவிட்டேன். மலைச்சாமியிடம் என்ன பேசினீர்கள் என்றேன். தக்காளி விலை பேசினோம் சார் என்றார். தக்காளி விலை பேச அவ்வளவு சிரிப்பா என்றேன். இனி வேலை விஷயம் தவிர என்னிடம் வாய் திறக்க வேண்டாம் என்றும் சொன்னேன். அவர் கோவிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாராம். சரி சார் என்று வைத்துவிட்டார்.

குற்றமுள்ளவன்தான் பதில் பேசாமல் வைப்பான்.

ஏப்ரல் 23, புதன்

ஆன்லைனில் வாங்கிய பேண்ட் வந்தது. நானூறு பேர் நல்லது என்று எழுதியிருந்தார்கள். அதில் முப்பது பேர் ஒரே வரியை எழுதியிருந்தார்கள். அதை விட்டுவிட்டு, திட்டி எழுதிய பதினோரு பேரைப் படித்துத்தான் வாங்கினேன். 262 கிராம் என்றான். தராசில் 264. யோக்கியன்தான். இடது சிப்பின் ஓரம் சிவப்பு நூல், வலதில் பச்சை நூல், மறுபடி மாட்டும்போது கால் மாறாமல் இருக்க. பத்து நிமிடத்தில் காயும் என்று போட்டிருந்தது. மொட்டைமாடியில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், பத்தொன்பது ஆயிற்று.

நல்ல பேண்ட். அதுதான் வயிற்றெரிச்சல். இப்படி ஒரு பேண்ட் போட்டு மலை ஏற வேண்டும் என்று எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது.

என் மனைவி மணிமேகலை எட்டிப் பார்த்துவிட்டு, போட்டுக் காட்டுங்க என்றாள். இவள் ஏன் இவ்வளவு சந்தோஷப்படுகிறாள்?

ஏப்ரல் 26, சனி

வழி கண்டுபிடித்துவிட்டேன். பேகம்பூரில் டெய்லர் முகமது ரஃபீக்கிடம் கொண்டுபோய் இரண்டு சிப்பையும் சுற்றிலும் தைத்துவிடச் சொன்னேன். பார்ப்பதற்குக் கழற்றுகிற பேண்ட், கழற்ற வராது. கேட்டால் சிப்பு மாட்டிக்கொண்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் சிப்பை ஏழெட்டு தடவை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"நல்லாத்தானே ஓடுது சார். கழட்டுறதுக்குத்தானே இத வாங்குறது?"

தைங்க என்றேன். கெட்டி நைலான் நூலில் இரட்டைத் தையல். வீட்டில் எடை போட்டேன், நூலோடு 267.

மே 3, சனி

நாளைக்கு மலை. மணிமேகலை சாப்பாடு போடும்போது மெதுவாக ஆரம்பித்தாள். நீங்களே சொல்லிவிட்டால் என்ன, நல்ல மனுசராகத்தானே தெரிகிறார் என்றாள். தெரிகிறார்! மண்டபம் பேசுகிறவரை எல்லாரும் நல்ல மனுசர்தான். நாளைக்கு இவர்கள் வேண்டாம் என்று போனால் அடுத்து வருகிற மாப்பிள்ளை வீடும் காரணம் விசாரிக்கும். தமிழ்மதி ஸ்ரீஹரியோடு பேசுகிறபோது அவள் முகம் எப்படி இருக்கிறது என்று நான் பார்த்திருக்கிறேன். என் காலால் அது போகக்கூடாது.

தொட்டுக்க வைத்த வெஞ்சனம் பாதி தட்டில் அப்படியே கிடந்தது. பிசைந்த கையோடு எழுந்துவிட்டேன்.

மே 4, ஞாயிறு

சாயங்காலம் ஆறு மணி. வலது முட்டியில் கட்டு. உட்கார்ந்து எழுத முடிகிறது.

ஏழு பேர் ஏறினோம். மலைச்சாமி முன்னால், நான் அவருக்குப் பின்னால், கடைசியில் மாப்பிள்ளை. உண்ணிச்செடி முள் வழி நெடுக இழுத்தது, முழுக்கால் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. லேசான துணி, காற்று உள்ளே போய் வந்தது. நடுவில் செத்த நேரம் எல்லாவற்றையும் மறந்தேகூடப் போனேன்.

ஓடை இருந்தது. இரண்டு நாள் கோடை மழையில் முட்டி வரைக்கும் தண்ணீர். எல்லாரும் கல்லில் உட்கார்ந்து சர் சர்ரென்று சிப்பை இழுத்தார்கள். நான் மட்டும் மேலே நடந்து பாறை பாறையாகத் தாண்டிவிடுகிறேன் என்றேன். அது வழுக்கும் மாமா என்று ஸ்ரீஹரி கத்தினார். மூன்றாவது பாறையில் வழுக்கியது. முட்டி கல்லில் மோதி, துணிக்கு மேலே ரத்தம் கசிந்தது.

மலைச்சாமி ஓடி வந்து உட்கார்ந்து சிப்பை இழுத்தார். வரவில்லை. சிப்பு மாட்டிக்கிச்சு என்றேன். அவர் குனிந்து, தையலை விரலால் தடவிப் பார்த்தார். மற்றவர்களை, நீங்க மேல போயி சாப்பாட்டப் பிரிங்கப்பா, நாங்க வாரோம் என்று அனுப்பினார். மகனையும் அனுப்பினார். அப்புறம் பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சம்பந்தி, தையலப் பிரிக்கணும்னா பிரிக்கிறேன். வேணாம்னா துணிக்கு மேலயே கட்டுப் போட்டுர்றேன். ரெண்டுல எதுன்னு நீங்க சொல்லுங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். கிறிஸ்துராஜ் என்ற பெயருக்காகக் காத்திருந்தேன்.

"ஒங்க மகதான். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே கொல்லப்பக்கம் வந்து சொல்லுச்சு. எங்கப்பாவுக்குக் கால்ல வெள்ள இருக்கு, அவரு சொல்ல மாட்டாரு, நீங்களா கேட்டுறாதீங்க மாமான்னு. நான் கேக்கல."

"அப்ப எதுக்கு இந்தப் பேண்ட்ட வாங்கச் சொன்னீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஓடை இருக்குன்னு சொன்னேனே. இந்தா ஓடுதுல்ல?"

பிரியுங்க என்றேன். இரட்டைத் தையல், நேரம் பிடித்தது. ரஃபீக் நன்றாகத்தான் தைத்திருக்கிறார். கீழ்ப்பாதியை உருவியதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் ஓடைத் தண்ணீரை அள்ளி ஊற்றிக் காயத்தைக் கழுவினார். எலும்புல படல, நல்லாருக்கு என்று மட்டும் சொன்னார்.

இடது காலையும் நானே பிரித்துக் கழற்றினேன். ஒரு காலில் மட்டும் துணியோடு எப்படி நடப்பது? மேலே போனபோது எல்லாரும் தயிர்சாதம் தின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தர் பார்த்தார். பார்த்துவிட்டு ஊறுகாயை நீட்டினார்.

மே 5, திங்கள்

தமிழ்மதியிடம் கேட்டேன். கோபமாகத்தான் ஆரம்பித்தேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் செய்தாயே என்றேன்.

"இருபத்தோரு வருசம் சொல்லலப்பா. இனிமே அவங்க வீட்லதான் இருக்கப் போறேன். அங்கயும் போயி ஒளிச்சு வச்சுக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?"

ஆறு வயதுப் பிள்ளையிடம் என்ன பாரத்தைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். அழுதேன். அவள் பார்த்தாள், பரவாயில்லை.

மே 6, செவ்வாய்

நொண்டிக்கொண்டே ஆபீஸ் போனேன். கிறிஸ்துராஜின் மேஜை முன்னால் நின்று, தப்பாக நினைத்துவிட்டேன், மன்னிச்சிருங்க என்றேன். என்ன நினைத்தேன் என்பதையும் சொன்னேன். அவருக்கு முதலில் பிடிபடவில்லை. ஜீப் தள்ளிய கதையைச் சொன்னேன்.

"ஜீப்பு ஞாபகம் இருக்கு சார். கால யாரு பாத்தா? சேறு முட்டி வரைக்கும்ல அப்பியிருந்துச்சு."

ஜீப் தள்ளிய அன்று என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருவன் மட்டும்தான் போலிருக்கிறது. அவர் இன்னும் முழுசாக முகம் கொடுத்துப் பேசவில்லை. பேச வேண்டும் என்று கேட்க எனக்கு என்ன உரிமை?

மே 18, ஞாயிறு

பேண்ட்டில் மிச்சமிருந்த நூலைப் பிடுங்கி எடுத்தேன். 264.

ஜூன் 8, ஞாயிறு

இன்று பூ முடிப்பு. வீட்டு வாசலில் பந்தல். காலையில் நாற்காலி லாரி தெருமுனையோடு நின்றுவிட்டது, ஆள் போதவில்லை. நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு நாலாகத் தூக்கி வந்தேன். எதிர்வீட்டம்மா கோலப்பொடியோடு அப்படியே நின்றுவிட்டார். பார்க்கட்டும். கிறிஸ்துராஜ் குடும்பத்தோடு வந்து, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மறுமுனையைப் பிடித்தார். எடையப் பாத்துத் தூக்குங்க சார் என்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் என்னைக் கிண்டல் செய்கிறார்.

ஒன்பதரை மணிக்கு மாப்பிள்ளை வீட்டு வேன் வந்தது. முதலில் மலைச்சாமி இறங்கினார். என் கையில் நாற்காலி. அதைக் கீழே வைத்துவிட்டு, மடிப்பை அவிழ்த்து வேட்டியை இறக்கிவிட்டு, கும்பிட்டு வாங்க சம்பந்தி என்றேன். இருபத்தைந்து வருடம் மறைப்பதற்காக இறக்கியிருந்தேன். ஒரு மனுசனுக்கு மரியாதை என்று நான் வேட்டியை இறக்கியது இன்றைக்குத்தான்.

அவர் உள்ளே போனதும் மறுபடி மடித்துக் கட்டிக்கொண்டு மிச்ச நாற்காலிகளை எடுக்கப் போனேன்.