பேர் கிழிக்கிற வேலை

மரியே வாழ்க!

பீளமேடு,
18.8.96, ஞாயிறு

அன்புள்ள கண்ணு அன்புச்செல்விக்கு, அப்பா எழுதுவது.

'நலம், நலமறிய ஆவல்' என்று ஆரம்பித்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். முதல் வார்த்தை அரை உண்மைதான். பின்னால் வருகிற இரண்டும் முழு உண்மை. அதை மட்டும் வைத்துக்கொள்.

மூன்று வருஷம் கழித்து இந்தக் கோழிக்கிறுக்கலைப் பார்த்ததும், வீட்டில் யாருக்கோ என்னவோ என்று பயந்துவிடாதே. அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும்தான். எனக்கு வாய் முன்போலவே நன்றாக வேலை செய்கிறது, மற்றதெல்லாம் கொஞ்சம் தேய்மானம். மில்லை மூடிவிட்டார்கள். முப்பது வருஷம் ஷிப்டுக்கு ஓடினவனுக்குச் சும்மா உட்காரத் தெரியவில்லை. நான் வீட்டில் இருந்தால் அம்மாவுக்கு முழங்காலோடு தலையும் சேர்ந்து வலிக்கிறதாம்.

உன் விலாசம் எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பாய். முதல் வருஷம் நீ அனுப்பிய கிறிஸ்துமஸ் கார்டின் உறையில் இருந்தது. அன்றைக்கு அதைப் பிரிக்காமல் டிரங்குப் பெட்டியில் போட்டேன். ஆனால் கிழிக்கவில்லை அம்மணி, அதற்காவது கொஞ்சம் இரங்கு. போன ஞாயிறுதான் பிரித்தேன். 'அப்பா, ஒருநாள் வாங்க' என்று ஒரே ஒரு வரி. இரண்டு வருஷம் எட்டு மாசம் அந்த வரி என் பழைய வேட்டிக்கு அடியில் கிடந்திருக்கிறது.

ஏன் இப்போது பிரித்தாய் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இத்தனை சுற்று.

நம் கோயில் மருந்தகத்துக்கு ஒரு மலையாளத்துச் சிஸ்டர் வந்திருக்கிறார். வீடுகளில் மிச்சமான மாத்திரை, நாள் கடந்த டானிக், எல்லாவற்றையும் வாங்கிப் பத்திரமாக அழிப்பதற்கென்று கோயில் வாசலில் ஒரு பூட்டுப் பெட்டி வைத்தார். அவர் அதை ஆரம்பித்ததற்கு உன் அப்பனும் ஒரு காரணம். அலமாரியில் ஒரு டப்பா நிறையப் பழைய மாத்திரை இருந்ததல்லவா, அதை இடித்துத் தூளாக்கிக் கறிவேப்பிலைச் செடிக்கு வைத்தேன். மனுஷனுக்கு நல்லது செய்கிறது, செடிக்குச் செய்யாதா என்று எட்டாங்கிளாஸ் மூளை. பதினைந்தே நாளில் செடி மொட்டை. அம்மாவிடம் வெயில் என்று சொல்லிவிட்டேன். சிஸ்டரிடம் பொய் சொல்லவில்லை. "மண்ணுல போடக்கூடாது, சாக்கடையில ஊத்தக்கூடாது, டாக்டர் ஜெரோம்னு பேர் வெச்சுக்கிட்டு அக்கம்பக்கத்துல குடுக்கவும் கூடாது" என்று எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நீ சிரித்திருப்பாய்.

இப்போது ஆறேழு கோயில்களில் பெட்டி இருக்கிறது, உங்கள் உடுமலையிலும்தான். மாசம் ஒருமுறை, இரண்டாம் சனிக்கிழமை, எல்லாப் பெட்டியும் சாக்கில் கட்டி இங்கே வந்துவிடும். நாங்கள் பள்ளிக்கூடத்து மேசையில் கொட்டிப் பிரிப்போம். மெடிக்கல் கடை வைத்திருந்த அப்துல் வஹீது பாய் மாத்திரையைத் தனியாக, ஊசியைத் தனியாக வைப்பார். அட்டைகளைக் கத்தரித்துவிடுவார், யாரும் பொறுக்கிக்கொண்டு போய்த் திரும்ப விற்கக்கூடாது என்று. பிறகு எல்லாம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிச் சூளைக்குப் போய்ச் சாம்பலாகிவிடும்.

என் வேலை பேர் கிழிப்பது. மருந்துக் கவரிலும் சீட்டிலும் இருக்கிற நோயாளி பேரைப் படிக்காமல் நாலாகக் கிழித்து வாளியில் போடவேண்டும். யாருக்கு என்ன நோய் என்று வெளியே தெரியக்கூடாது என்பது சட்டம். அந்த வேலைக்கு என்னை ஏன் எடுத்தார் தெரியுமா? "ஜெரோம் அண்ணனுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது, அதனாலதான்" என்றார் சிஸ்டர். "எட்டாங்கிளாஸுக்கு இப்பத்தானுங்க மரியாத கெடச்சிருக்குது" என்றார் வஹீது பாய். நானும் பெருமையாகத்தான் கிழித்துக்கொண்டிருந்தேன், பத்தாம் தேதி வரைக்கும்.

அன்றைக்கு உடுமலைச் சாக்கிலிருந்து ஒரு கவர் வந்தது. தமிழில் எழுதியிருந்தது. அன்புச்செல்வி, வயது 24, க/பெ அருள்குமார். தேதி, மே மாசம் இரண்டு.

அப்போதும் வேறு யாரோ என்று பாதி கிழித்துவிட்டேன். உடுமலையில் ஒரே ஒரு அன்புச்செல்வியா இருப்பாள்? பிறகு கவரின் பின்பக்கம் கண்ணில் பட்டது. தினமும் மாத்திரை போட்டதற்குக் கோடு போட்டிருந்தாய். நாலு கோடு நின்று, ஐந்தாவது குறுக்கே, அதுவும் தலைகீழான சாய்வில். சின்ன வயதில் திருவிழாவுக்கு எத்தனை நாள் என்று கதவுக்குப் பின்னால் சுவரில் இப்படித்தான் போடுவாய். மாற்றிப் போடு என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்? நல்லவேளை, நீ கேட்கவில்லை. அந்தச் சுவருக்கு நான் இன்னும் வெள்ளையடிக்கவில்லை.

பதினோரு கோடு. அதற்குப் பிறகு இல்லை. மாத்திரையோ முக்கால்வாசி அப்படியே இருந்தது.

அது என்ன மாத்திரை என்று கேட்டேன். யாருடையது என்று சொல்லவில்லை. சிஸ்டர் அட்டையைப் பார்த்துவிட்டு, முழுகாமல் இருக்கிற பெண்களுக்குக் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரை என்றார். ஏன் பாதியில் விட்டிருப்பார்கள் என்று கேட்டேன். குமட்டும், நிறையப் பேர் விட்டுவிடுவார்கள் என்றார். டாக்டர் வேறு மாத்திரை மாற்றியிருக்கலாம் என்றார். "அல்லது" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அம்மணி, எட்டு நாளாக நான் அந்த 'அல்லது'வோடுதான் குடித்தனம் நடத்துகிறேன்.

எனக்குப் பிடித்த பதில் முதல் பதில்தான். நீ எப்போது ஒழுங்காக மாத்திரை விழுங்கினாய்? இரண்டு கரண்டிக்கு நடுவே நசுக்கி, நாட்டுச்சர்க்கரையில் குழைத்துக் கொடுத்தால்கூட, விழுங்கின மாதிரி வாயைக் காட்டிவிட்டு ஜன்னல் சந்தில் துப்பி வைத்தவள்தானே! இப்போதும் அப்படித்தான் என்றால் நேரில் வந்து உன்னை நன்றாகத் திட்டவேண்டும். அப்படித் திட்டக் கிடைத்தால் போதும் எனக்கு.

வேறு மாதிரி இருந்தால், அதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவேண்டாம். அந்த நேரத்தில் உனக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்க ஆள் இருந்ததா என்பது மட்டும்தான் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. மாப்பிள்ளை இருந்திருப்பார். (பார், எழுதிவிட்டேன், மாப்பிள்ளை என்று. பேனா உடைந்துவிடவில்லை.) ஆனாலும் நீ அம்மாவைத் தேடியிருப்பாய். அவளை உன்னிடம் வரவிடாமல் வாசலில் நின்றவன் நான். மாலையும் கழுத்துமாக நீங்கள் இரண்டு பேரும் வந்தபோது, "இந்த ஊட்டுப் படிய இனி மிதிக்காத" என்றேனே, அது மில் மேஸ்திரியின் வாய். வீட்டில் கொண்டுவந்து வைத்தது என் தப்பு.

படிக்கக்கூடாததைப் படித்ததற்கும் உன்னிடம் மன்னிப்பு. கவரை வேறு யாரும் பார்க்கவில்லை. மாத்திரை சூளைக்குப் போய்விட்டது. பேர் மட்டும் போகவில்லை. என் சட்டைப்பையில் இருக்கிறது, சட்டம் மீறி.

அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. காலையில், "ஏனுங்க, இத்தன நேரமா என்னத்த எழுதறீங்க?" என்றாள். மில்லைத் திறக்கச் சொல்லி மனு என்றேன். காபியை வைத்துவிட்டுப் போனவள் திரும்பிவந்து, "நானும் கேட்டேன்னு அந்த மனுவுல எழுதிப்போடுங்க. தேங்கா பன்னு இன்னும் திங்குதான்னும் கேளுங்க" என்றாள். கேட்டுவிட்டேன்.

நீ எனக்குப் பதில் எழுதித்தான் ஆகவேண்டும் என்றில்லை. எழுதக் கை வராது என்பது எனக்குத் தெரியும், மூன்று வருஷம் அனுபவம். ஒரு காலிக் கவரில் உன் பேரை எழுதி அங்கே கோயில் பெட்டியில் போடு. பின்பக்கம் உன் கோணல் கோடு ஒன்று இருந்தால், நானும் அம்மாவும் வரலாம் என்று எடுத்துக்கொள்கிறேன். கோடு இல்லாவிட்டாலும் பேர் வந்தால் போதும். செப்டம்பர் பதினாலு, இரண்டாம் சனிக்கிழமை. உடுமலைச் சாக்கை நான்தான் பிரிப்பேன், வஹீது பாயிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது உன் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டு அனுப்புவேனே, அதுபோல இங்கிருந்தே போடுகிறேன். உனக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று. மூன்றாவதாக ஒரு நெற்றி வரப்போகிறது என்றால் அதற்கும் ஒன்று. இல்லையென்றால், கண்ணு, அந்த ஒன்றையும் உனக்கே போடுகிறேன்.

உன் அப்பா,
ஜெரோம்