தடிக்காத கை

என் இடது கையில் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறார்கள். அதற்குள் ஊசி குத்திய இடம் இரண்டே நாளில் சிவந்து தடித்துவிட்டது. ஒரே அரிப்பு. இதே வட்டம் உங்கள் கையிலும் இருந்ததே, நினைவிருக்கிறதா?

உங்களுக்கு இருமல் விடவில்லை என்று காசநோய்க்குப் பார்த்த ஊசி. மை அழியாமல் கையைத் தூக்கிக்கொண்டே குளித்தீர்கள். இரண்டாம் நாள் அதை என் முகத்துக்கு நேரே நீட்டினீர்கள். "பாத்தியா, தடிக்கவே இல்ல. கடல்காத்து குடிச்ச ஒடம்புடி இது!"

ஆஸ்பத்திரியில் சொன்னபடி காட்டிவிட்டு வாருங்கள் என்று துரத்தியிருக்க வேண்டியவள் நான். "ஒண்ணுமே இல்லாததைக் காட்டப் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறணுமாக்கும்?" என்று சொல்லிவிட்டு நண்டுக் குழம்பு வைத்தேன். நீங்கள் சாப்பிட்டுப் படகுக்குப் போனீர்கள். இரத்தமாக இருமி விழுந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். நேரம் கடந்துவிட்டது.

இப்போது வீட்டிலிருப்பவர்களையும் சோதிக்கக் கூப்பிட்டார்கள். மகளுக்குத் தடிக்கவில்லை. அவளையும் இழுத்துக்கொண்டுதான் போனேன். அவளுக்கு ஒன்றுமில்லையாம். என் கையைப் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: "இந்தக் கிருமி செல்லுக்குள்ளயே ஒளிஞ்சுக்கிரும். ரத்தத்துல சுத்துற எதிர்ப்புப்பொருள், ஆன்டிபாடிம்பாங்க, அது அங்க போய் ஒண்ணும் பண்ண முடியாது. டி செல்லுன்னு வெள்ளணுக்கள் இருக்கு. அதுகதான் கிருமியக் கண்டுபிடிச்சு, மத்த செல்லுகளையும் கூட்டிச் சுத்தி அடைச்சுப்போடும். ஊசி மருந்துல இருக்குற கிருமியோட சத்தப் பாத்ததும் பழைய ஆளுன்னு அதுக ஓடி வந்திருக்கு, அதான் தடிப்பு. ஒங்க வீட்டுக்காரர்கிட்ட இருந்து வந்த கிருமியாத்தான் இருக்கும். இப்ப நோய் இல்ல. ஆனா அந்த செல்லுக அசந்தா கிருமி வெளிய வந்துரும். மாத்திரை போட்டு அழிச்சிரணும்."

"அப்ப நோய் இருந்த அவருக்கு ஏன் தடிக்கல?"

"ஒடம்பு ரொம்ப இளைச்சுட்டா அந்த செல்லுகளுக்கே தெம்பு இல்லாமப் போயிரும்மா. அதுக்குத்தான் தடிக்கலைன்னாலும் கொண்டாந்து காட்டச் சொல்றது."

அங்கேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அடப்பாவி மனுஷா, உங்களுக்காகச் சண்டை போட ஒருத்தரும் மிச்சமில்லாததைப் பார்த்தா நாம் இரண்டு பேரும் சிரித்தோம்?

மாத்திரை என் உள்ளங்கையில் இருக்கிறது. உங்கள் மூச்சில் வந்து என் நெஞ்சில் தங்கியிருப்பது இது ஒன்றுதான். பாழாய்ப்போன கிருமி. அதைக் கொல்லவும் மனம் வரவில்லை, பாருங்கள். மகள் தண்ணீர்ச் செம்போடு எதிரிலேயே நிற்கிறாள். உங்களைப் போலவே முறைக்கிறாள்.

விழுங்கிவிட்டேங்க.