உறைபனியை மதிப்பிடுங்கள்

நவம்பர் 4

கட்டடத்தின் பொதுச் சலவை அறையில் இன்று எங்கள் முறை. மறந்துவிட்டேன். அந்த இடைவெளியில் மூன்றாம் மாடிக்காரர் தன் போர்வைகளைப் போட்டுவிட்டார். தோழி வனமோ அழுக்குத்துணிக் கூடையோடு என் அறை வாசலில் வந்து நின்றாள். ஒரே வீட்டில் வாடகையைப் பகிர்ந்துகொள்கிறோம். அவளுக்கு மருத்துவமனைச் சமையலறையில் வேலை.

"இதுகூட ஞாபகம் இருக்காதாடி சைமி? நாள் முழுக்க வீட்லதானே இருக்க?"

இருக்கிறேன். வேறெதுவும் செய்வதில்லை.

மாலையில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியத்தில் தொண்டு செய்கிற யாரும் தன் பெயரில் அப்படியொரு பக்கம் திறந்து மற்றவர்களைக் கேட்கலாம் — என் வேலையைப் பாருங்கள், நான் வளர்ந்திருக்கிறேனா, சொல்லுங்கள். ஒரு மாதம் திறந்திருக்கும். பிறகு தானாக மூடிக்கொள்ளும். 'உறைபனியை மதிப்பிடுங்கள்.' அங்கே என் பெயர் உறைபனி. சைமியை அறிந்தவர்களைவிட உறைபனியை அறிந்தவர்கள் அதிகம்.

மேலே ஒரு கேள்வி இருக்கிறது, நாமே நிரப்ப வேண்டியது: நீங்கள் எழுதியவற்றுள் உங்களுக்கு நிறைவளித்தது எது?

காலியாக விட்டேன்.

நவம்பர் 5

யாரும் எழுதவில்லை.

நவம்பர் 8

மற்றவர்கள் சொல்வது எனக்கு ஏன் இவ்வளவு வேண்டியிருக்கிறது?

ஆய்வேடு இரண்டாம் அத்தியாயத்தில் நின்றுபோய்விட்டது. தீவுப்பாறைகளின் கற்பாசி பற்றியது. நெறியாளர் கேட்பதை நிறுத்திவிட்டார். முதலில் நிம்மதியாக இருந்தது, அப்புறம் அது நிம்மதி இல்லை என்று புரிந்தது. அம்மா தொலைபேசியில் வானிலை மட்டும் பேசுகிறாள். கலைக்களஞ்சியத்தில்தான் தினமும் எதையோ சரிசெய்கிறேன். பொய்களை, கிறுக்கல்களை, ஆதாரமில்லாத வரிகளை நீக்குகிறேன். பல வருடமாக. அது என்னை ஏதோ ஒன்றாக ஆக்கியிருக்க வேண்டும். ஆக்கவில்லை என்றால் —

எழுத வேண்டாம் இதை.

நவம்பர் 13

வியாழக்கிழமை என்றால் இங்கே பட்டாணி சூப். வனமோ மருத்துவமனையில் மிஞ்சியதை ஒரு வாளி கொண்டுவந்தாள். பக்கம் அப்படியே காலி.

"எவனாவது எழுதினானா?"

"இல்ல."

"நான் எழுதட்டுமா? 'பாத்திரம் கழுவ மாட்டா. மத்தபடி தங்கமான பொண்ணு.'"

சிரிக்கப் பார்த்தேன்.

நவம்பர் 15

கலைக்களஞ்சியத்தின் துர்க்கு நகரத் தொகுப்பாளர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை நூலகக் காப்பிக்கடையில் கூடுவார்கள். நான் போனதே இல்லை. இன்று போனேன். மதிப்பீடு எழுதச் சொல்லிக் கெஞ்சத்தான் போனேன், வேறென்ன.

தபால்காரர் ஒருவர், தனேலி. நாற்பது வயதிருக்கும். கலைக்களஞ்சியத்தில் அவர் பெயர் குளவி.

"நீங்கதான் உறைபனியா? நான் ஆம்பளைன்னுல்ல நெனச்சேன்! அம்பது வயசு, தாடி, ரிட்டயர்டு ஆபீசர்."

"தாடி இனிமேதான் வளக்கணும்."

இலவங்கப்பட்டை பன்னை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை என் பக்கம் தள்ளினார்.

"உங்களைப் பாத்துத்தாங்க நான் கத்துக்கிட்டதே. புதுசா வர்றவங்களுக்கு ஒட்டுறோமே, அந்த எச்சரிக்கை, அது நீங்க எழுதினதாமே? கத்தி மாதிரி இருக்கு. ஒரு பொத்தான அமுக்கி ஒட்டிட்டா, ஆளு திரும்பி வர்றதே இல்ல."

மேசையிலிருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெருமையாக இருந்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 16

வந்துவிட்டது. குளவியின் மதிப்பீடு:

'உறைபனி என் முன்மாதிரி. வேகம், விழிப்பு, சலனமின்மை. இவர் நீக்கியவை எல்லாமே சரியான நீக்கங்கள். இவர் சேர்த்தது ஏதாவது உண்டா என்று தேடினேன்; அகப்படவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை.'

பலமுறை படித்தேன். முதலில் மகிழ்ச்சி. பிறகு ஒரு சொல் மட்டும் மிஞ்சியது.

அகப்படவில்லை.

நவம்பர் 17

எழுந்திருக்கவில்லை.

நவம்பர் 20

காலியாக விட்ட கேள்விக்கு ஒரு பதில் வேண்டும், அவ்வளவுதான். நூலகத்துக்குப் போனேன். கலைக்களஞ்சியத்தின் கற்பாசிக் கட்டுரையில் ஒரு பத்தி எழுதினேன் — என் இரண்டாம் அத்தியாயத்திலிருந்து. பாறையில் மஞ்சள்பச்சையாகப் படர்வது எவ்வளவு மெதுவாக வளர்கிறது, அந்த வட்டத்தின் அகலத்தை வைத்துப் பாறை வெளிச்சத்துக்கு வந்த காலத்தை எப்படிக் கணிக்கிறார்கள். நல்ல பத்தி. பதிந்துவிட்டு, ஆதார நூலை எடுக்க அலமாரிக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது பத்தி இல்லை.

பெயரோடு உள்ளே நுழையாமலே எழுதியிருக்கிறேன். நூலகக் கணினி, என் வீட்டுக் கணினி இல்லை. உறைபனி என்று இருக்க வேண்டிய இடத்தில் அந்தக் கணினியின் வெறும் எண்வரிசை. அந்த எண்ணுக்கு ஓர் எச்சரிக்கை:

'உங்கள் சோதனை முயற்சி வெற்றி பெற்றது, அது நீக்கப்பட்டுவிட்டது. இது விளையாடும் இடம் அல்ல. எழுதுவதற்கு ஏதேனும் இருந்தால் மட்டும் திரும்பி வருக.'

கீழே: குளவி.

வாசகம் என்னுடையது. கடைசி வாக்கியத்துக்காக அன்று ஒரு மாலை முழுக்கச் செலவழித்தேன் — 'மட்டும்' எங்கே வர வேண்டும் என்று.

எழுதுவதற்கு ஏதேனும் இருந்தால்.

ஆற்றங்கரை வழியாக நடந்தே வந்தேன். ஈரப்பனி. யாரிடம் சொல்ல?

நவம்பர் 21

காலையில் அதே பத்தியைப் பதிந்தேன், எழுத்து மாறாமல். ஆதாரமும் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. இந்த முறை உறைபனியாக.

யாரும் நீக்கவில்லை. குளவியிடமிருந்து ஒரு நன்றி வந்தது.

வெள்ளிக்கிழமை கட்டடத்து சவுனா என்கிற நீராவிக் குளியலறையில் எங்கள் முறை. அங்கே வனமோவிடம் சொன்னேன். சூடான கல்மேல் தண்ணீர் ஊற்றப்போனவள் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"இரு இரு. பேர் சொன்னா உள்ள விடுறான், சொல்லாட்டி கழுத்தப் புடிச்சு வெளிய தள்றான். பார் வாசல்ல நிக்கிற தடியன் மாதிரி."

"ம்."

"அந்தத் தடியனுக்கு வசனம் எழுதிக் குடுத்தது நீயா?"

"ம்."

"நல்லா இருக்குடி!"

நீராவியில் அழுதால் தெரியாது.

இப்படி நான் விரட்டிய எண்கள் எத்தனை? அவற்றில் எத்தனை பேர் நூலை எடுக்க அலமாரிக்குப் போயிருந்தார்கள்? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒருபோதும் நின்றதில்லை. வேகம், விழிப்பு, சலனமின்மை.

நவம்பர் 24

எச்சரிக்கை வாசகத்தை மாற்றினேன். கடைசி வாக்கியத்தை எடுத்துவிட்டு, 'ஆதாரம் தேட உதவி வேண்டுமா?' என்று போட்டேன். மதியத்துக்குள் பழையபடி ஆக்கிவிட்டார் குளவி. காரணம்: 'நெடுநாள் வாசகம். உறைபனி எழுதியது. மாற்றுமுன் விவாதிக்கவும்.'

தொலைபேசியில் அழைத்தேன்.

"தனேலி, உறைபனி நான்தாங்க."

"தெரியுங்க. நீங்க எழுதினதுதான், ஆனா இப்ப அது எல்லாருக்கும் சொந்தம்ல? அதுவுமில்லாம..." தயங்கினார். "கோவிச்சுக்காதீங்க. நீங்க கொஞ்சம் சோர்வா இருக்கீங்க போல. பழைய உறைபனி இதைத் தொட்டிருக்க மாட்டாரு."

"அந்தக் கற்பாசிப் பத்திய மொதல்ல போட்டதும் நான்தான். எண்ணா வந்து."

தபால் வண்டியின் சத்தம்.

"ஐயோ. சொல்லியிருக்கலாமேங்க. உங்க பேரு தெரிஞ்சிருந்தா கைய வச்சிருப்பேனா?"

அது ஆறுதலாகத்தான் சொல்லப்பட்டது.

நவம்பர் 28

வாசகம் பற்றி நான் தொடங்கிய விவாதம் முடிந்தது. மாற்ற வேண்டும் என்றவர்: நான். மற்றவர்கள் எல்லாரும் வாசகத்தின் கூர்மையைப் பாராட்டியிருக்கிறார்கள்.

டிசம்பர் 4

பக்கம் மூடிக்கொண்டது. ஒரே மதிப்பீடு. கேள்விக்குப் பதில்: காலி. கற்பாசிப் பத்தியைப் போடலாம் என்றுதான் இருந்தேன். எந்தப் பத்தியை? எண் எழுதியதையா, உறைபனி எழுதியதையா?

டிசம்பர் 6

இந்த நாட்டின் சுதந்திர தினம். வழக்கப்படி வனமோ ஜன்னலில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றினாள். நான் பாத்திரம் கழுவினேன்.

டிசம்பர் 9

கற்பாசிக் கட்டுரையில் பெயரில்லாத ஓர் எண், ஒரு வரி சேர்த்திருந்தது: 'எங்க ஊர் கல்லறைக் கல்லு ஒண்ணுல இது இருக்கு. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப காசு அகலம், இப்பவும் கிட்டத்தட்ட அதே.'

ஆதாரம் இல்லை. நிற்காது. விரல் எச்சரிக்கைப் பொத்தானுக்குத் தானாகப் போனது. அது எனக்கு முன்னால் போகிறது, இப்போதும்.

வரியை நீக்கினேன். எச்சரிக்கையை ஒட்டவில்லை. அந்த எண்ணுக்கு என் சொந்தச் சொற்களில் எழுதத் தொடங்கினேன். வாக்கியம் வரவில்லை. அழித்து அழித்து, கடைசியில்: 'உங்கள் வரியை எடுத்தது நான். இங்கே அச்சில் வந்த ஆதாரம் வேண்டும், அதனால். ஆனால் அந்தக் கல் எந்த ஊரில் இருக்கிறது? அளந்து பார்க்க முடியுமா? நான் இரண்டாம் அத்தியாயத்தில் நிற்கிறேன்.'

கடைசி வாக்கியம் எப்படி வந்தது என்று தெரியவில்லை. எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

'நீங்க மெஷினா, ஆளா?'

ஆள்தான் என்று அடித்தேன். அனுப்புவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.