நீ கேட்ட போட்டோவுக்குப் பதில்

இயேசு மரி சூசை துணை

மண்ணூர்
11-8-1978

அன்புள்ள மகள் அருள்மேரிக்கு அம்மா சவரியம்மாள் சொல்லி எழுதுவது. எல்லோரும் சுகம் என்று எழுதச் சொன்னேன், உன் தங்கை அமலு பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறாள், அதனால் அந்த வார்த்தை வேண்டாம். உயிரோடு இருக்கிறோம். நீ அந்த ஜெர்மனிக் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஜெபமாலை சொல்லும்போது உன் பெயரைத்தான் முதலில் சொல்கிறேன். உன் கடிதம் போன புதன்கிழமை கிடைத்தது. அப்பா பெங்களூர் ரோட்டு இரும்புக் கம்பெனியில் அதே வாட்ச்மேன் வேலையில்தான் இருக்கிறார், ஆள் குறைவு என்று இரண்டு ஷிப்டையும் அவரையே பார்க்கச் சொல்கிறார்கள், ஓ.டி. ஓ.டி. என்று ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூட வருவதில்லை. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று தங்கவில்லை. ஏரியில் மாடு குளிக்கவும் தண்ணீர் இல்லை.

அமலுவின் போட்டோ இன்னொன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். அங்கே வயதானவர்கள் இல்லத்தில் சமையலறை வேலைக்கு அவளை எடுத்துக்கொள்ள சிஸ்டர்மார் சம்மதித்துவிட்டார்கள், பதினெட்டு முடிந்ததும் புறப்படலாம், முன்பு வந்த போட்டோவை விண்ணப்பத்தில் ஒட்டியாகிவிட்டது, இன்னொரு தாளில் ஒட்ட ஒன்று அனுப்பு என்று எழுதியிருக்கிறாய். எத்தனை பேரிடம் கெஞ்சி இதைச் செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் அமலு வரமாட்டாள் மகளே. அந்தச் சிஸ்டர்களிடம் போய் நீயே சொல்லிவிடு. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வருஷம் ஈஸ்டர் முடிந்து அவள் இடது கன்னத்தில் காதுக்குக் கீழே எட்டணா அகலத்துக்கு வெளுப்பாக ஒரு தேமல் வந்தது, முழங்கையிலும் அப்படியே ஒன்று. உனக்கு எழுதினோம். எழுதியதைப் படித்தால் ஒன்றும் விளங்கவில்லை, கண்ணால் பார்த்தால்தான் சொல்ல முடியும், போட்டோ எடுத்து அனுப்புங்கள், இங்கே டாக்டரிடம் காட்டுகிறேன் என்றாய். நல்ல யோசனைதான். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, நான்கு பேர் எதிரே வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற பெண்ணை ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கோதண்டம் ஸ்டூடியோவுக்கு அப்பா அழைத்துக்கொண்டு போனார். கன்னம் நன்றாகத் தெரிகிறாற்போல் ஒரு பக்கமாகத் திரும்பி உட்காரச் சொல்லி எடுத்தார்கள். முழங்கையைக் காட்டச் சொல்ல அப்பாவுக்குத் தோன்றவில்லை, இவளும் வாய் திறக்கவில்லை.

நான்கு நாள் கழித்து அப்பா வேலைக்குப் போகிற வழியில் போட்டோவை வாங்கி, நீல நிற ஏர்மெயில் தாளுக்குள் வைத்து ஒட்டித் தபாலாபீசில் கொடுத்திருக்கிறார். அங்கே இருந்தவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே ஒன்றும் வைக்கக்கூடாது என்று தாளிலேயே அச்சடித்திருக்கிறதே, இதில் எழுத்து மட்டும்தான் போகும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்பா தாளைப் பிரித்துப் போட்டோவை எடுத்து, தனியாக ஒரு கவர் வாங்கி அங்கேயே போட்டுவிட்டு வந்தார். அந்தப் போட்டோவை நான் பார்க்கவே இல்லை. எப்படி வந்திருக்கிறது என்று கேட்டதற்கு, "நம்ம பொண்ணா இதுன்னு கீது. தேமலே தெரியலடி. கேமரா கண்ணுக்கே தெரியலன்னா லேசானதுதான், சும்மா பயந்துகினு கீறோம்" என்றார். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

அதைத்தான் நீயும் எழுதினாய். டாக்டரும் பார்த்தார், முகத்தில் ஒன்றுமே இல்லையே, வளர்கிற பெண், அம்மாவை வீணாகக் கவலைப்பட வேண்டாம் என்று சொல் என்றாராம். அந்தக் கடிதத்தை மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். அதற்கப்புறம் நாங்கள் ஒருவரும் அந்தத் தேமலைப் பார்க்கவே இல்லை. கண்ணெதிரே பெரிதாகிக்கொண்டுதான் வந்தது. ஜெர்மனி டாக்டரே சொல்லிவிட்டார் என்று மஞ்சளைத் தடவிக்கொண்டிருந்தேன்.

இந்த ஜூன் மாதம் அடுப்பிலிருந்து சோற்றுப்பானையைத் துணி இல்லாமல் இடது கையால் பிடித்து இறக்கினாள். இறக்கி வைத்துவிட்டுக் கஞ்சியும் வடித்தாள். தோல் வெந்து கொப்புளம் எழும்பியதைப் பார்த்து நான்தான் கத்தினேன், அவள் ஏன் கத்துகிறாய் என்கிறாள். இந்த இடத்தில் எழுத மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். நான் சொல்வதை எழுதடி, அக்கா நர்ஸ், அவளுக்குத் தெரிய வேண்டும் என்றேன்.

அடுத்த வாரம் ஊர் ஊராகத் தோலைப் பார்த்துக் கணக்கெடுக்கிற தாண்டவராயன் என்பவர் சைக்கிளில் வந்தார். அமலுவைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் எங்கே தொடுகிறேன் என்று காட்டு என்றார். இவள் காட்டவில்லை. மறுபடியும் தொட்டார், மறுபடியும் சும்மா நின்றாள். பக்கத்து வீட்டுக் கிளியம்மாள், "அது அப்படித்தான் சார், ஆம்பளைங்கன்னா வெக்கப்படும்" என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. "வெக்கம் இல்லம்மா இது. நான் தொடுறதே இந்தப் பொண்ணுக்குத் தெரியல" என்றார்.

அது குஷ்டம். எழுதடி என்றேன், எழுதிவிட்டேன் என்கிறாள். எழுதினாளா இல்லையா என்று பார்க்க எனக்குப் படிக்கத் தெரியாது.

அவர் கொடுத்த சீட்டோடு செங்கல்பட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு நானும் அவளும் போய் வந்தோம். அங்கே யாரும் முகம் சுளிக்கவில்லை, நல்லபடியாகத்தான் பேசினார்கள். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், வருஷக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டுமாம், வியாதி நிற்கும், மற்றவர்களுக்கும் பரவாது என்றார்கள். சுண்டு விரலும் பக்கத்து விரலும் உள்ளே மடங்கிவிட்டன, அது நிமிருமா என்று கேட்டேன். முழங்கை நரம்பு போய்விட்டது, ஒரு வருஷத்துக்கு முன்னால் கொண்டு வந்திருந்தால் விரலைக் காப்பாற்றியிருக்கலாம், ஏன் அப்போதே வரவில்லை என்று அந்த டாக்டர் அம்மாள் கேட்டாள். என் பெரிய மகள் வெளிநாட்டில் நர்ஸ், அவள் ஒன்றுமில்லை என்றாள் என்று சொல்ல வாய் வரவில்லை. தெரியாது என்று சொன்னேன்.

திரும்பும்போது ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி மண்ணூர் பஸ்ஸுக்கு நடந்தோம். அந்தப் பக்கம் வேண்டாம் அம்மா என்று என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். வெயிலுக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து நான் கடை ஓரமாகவே நடந்தேன். கோதண்டத்தின் வாசல் கண்ணாடிப் பெட்டிக்குள் கல்யாண ஜோடிகளுக்கு நடுவில் நம் அமலு இருந்தாள். கன்னம் வழவழ என்று இருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை. அவளைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு அதைப் பார்த்தேன் அருள்மேரி, அந்த வேதனை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது.

கோதண்டத்தைக் கேட்டேன். அவன் பயந்துபோனான். "பொண்ணு போட்டோ, வெளிநாட்டுக்கு அனுப்பணும்னு உங்க வூட்டுக்காரரு சொன்னாரு. நான் இன்னா நெனப்பேன்? மாப்பிள்ளை வூட்டுக்குன்னு நெனச்சேன். யாரு வந்தாலும் அம்மைத் தழும்பு, பரு எல்லாத்தையும் நெகடிவ்லயே பென்சில் வெச்சி அடச்சிடுவேம்மா. இது வெளுப்பு, நெகடிவ்வ பிளேடால சொரண்டிதான் எடுக்கணும், இதுக்கு ஒரு பகல் பூரா குந்திகினு இருந்தேன். நல்லா வந்துச்சேன்னுதான் பெட்டில வெச்சேன்" என்றான். அவனை என்ன சொல்ல? ஊரில் எல்லாப் பெண்களுக்கும் செய்கிற நன்மையைத்தான் செய்திருக்கிறான். பெட்டியில் இருந்ததை வாங்கி அங்கேயே கிழித்துப் போட்டேன். அப்பாவிடம் சொன்னேன். அன்றிலிருந்து அவரேதான் ஓ.டி. கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார் என்று நினைக்கிறேன்.

உன் மேல் தப்பில்லை, அந்த டாக்டர் மேலும் இல்லை, அவர் பார்த்த முகத்தில் ஒன்றும் இல்லைதான். விண்ணப்பத்தில் ஒட்டியிருப்பதைப் பிய்த்தெடுத்துக் கிழித்து அடுப்பில் போடு. உன் வேலைக்கும் பங்கம் வரும், தங்கைக்கு இப்படி என்று அங்கே யாரிடமும் சொல்லாதே. லீவு எடுத்துக்கொண்டு வந்துவிடாதே. வந்து நீ செய்ய இங்கே ஒன்றும் இல்லை.

இன்னொரு போட்டோ எடுக்க இவளை நான் எங்கேயும் கூட்டிக்கொண்டு போக மாட்டேன். நீ கேட்டாய் என்பதால், அவள் இடது கையை இந்தத் தாளின் மேல் வைத்துப் பேனாவால் சுற்றிக் கோடு போடச் சொன்னேன், பார். இது எழுத்து மாதிரிதானே, தபாலாபீசில் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இரண்டு விரல் குட்டையாக இருப்பது கோடு தவறியதால் இல்லை. விரல் தாளில் படியவில்லை, படிந்த அளவுக்குத்தான் கோடு வந்திருக்கிறது. எந்த விரல் எது என்று உள்ளே எழுதச் சொல்லிவிட்டு ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறேன்.

அக்கா, இந்தக் கைக் கோட்டுக்குள் இருப்பதை அம்மா சொல்லவில்லை, நான் எழுதுகிறேன். கண்ணாடிப் பெட்டியில் இருந்த போட்டோவை நான் போன செப்டம்பரிலேயே பார்த்துவிட்டேன். மாதா திருநாளுக்குத் துணி எடுக்க அப்பாவோடு போனபோது அப்பா முன்னால் நடந்துவிட்டார், நான் நின்று பார்த்தேன். தேமல் இல்லாமல் செய்திருக்கிறார்கள், இதைத்தான் நீயும் பார்த்திருப்பாய் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. ஒன்றுமில்லை என்று நீ எழுதியிருந்தாயே, நான் சொன்னால் அது பொய் என்று ஆகிவிடும் என்று பயந்தேன். அப்பா வேறு அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். அந்த முகமும் எனக்குப் பிடித்திருந்தது அக்கா. அதற்கப்புறம் இரண்டு தடவை சந்தைக்குப் போகிற சாக்கில் போய்ப் பார்த்தேன். அப்போது என் விரல் நேராகத்தான் இருந்தது. அம்மாவிடம் இதை என்னால் சொல்ல முடியாது, நீயும் சொல்லாதே. அப்பா பார்ப்பதற்குள் இந்தத் தாளை நானே மடித்து ஒட்டிவிடுவேன். போட்டோவைக் கிழிக்கச் சொல்லி அம்மா மேலே எழுதச் சொன்னாள். கிழிக்காதே அக்கா. இப்போது மிச்சம் இருப்பது உன்னிடம் இருக்கிற அது ஒன்றுதான்.

ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, விரல் பெயர் எழுத இவ்வளவு நேரமா என்று கேட்டேன், தாளை ஊதி மை காய வைக்கிறாள். இருக்கட்டும். நீ வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே, அந்த ஊர்க் குளிர் காதுக்குள் போய்விடும். இங்கே அழுவதற்கு மூன்று பேர் இருக்கிறோம், நீ தனியாக உட்கார்ந்து அழ வேண்டாம். அந்தப் போட்டோவை மறக்காமல் எரித்துவிடு. தேவமாதா உன்னையும் உன் இரண்டு கைகளையும் நோய் நொடி அண்டாமல் காக்கட்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு.

உன்னைப் பெற்றவள்
சவரியம்மாள்

அம்மா சொல்ல எழுதியது
அமலோற்பவம்