வருடத்தின் முதல் கால்

பிப். 12, வியாழன்

காலை மைனஸ் நான்கு. டிராம் தாமதம். லேபில் சென்ட்ரிஃப்யூஜ் மறுபடி மக்கர். பால் வாங்க மறந்தாச்சு.

மாலை கீழ்வீட்டு லான் அக்கா வந்தார். வியட்நாம்காரர். பெர்லின் சுவர் இடியும் முன்பே இந்த ஹாலே ஊருக்கு ஆலை வேலைக்கு வந்தவர், இப்போது பூக்கடை. செவ்வாய் அவர்களுக்குப் புத்தாண்டு, ‘தெத்’. அன்று வீட்டுக்குள் முதலில் கால் வைப்பவர் எப்படியோ, வருடமும் அப்படியாம். போன தடவை யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. பார்சல்காரர் நுழைந்துவிட்டார், கோபத்தோடு. அந்த ஏப்ரலிலேயே கணவர் துங்குக்கு இதய ஆபரேஷன்.

"இந்த வருஷம் நீ வா. அவர் பிறந்தது எருமை வருஷம், நீ சேவல் வருஷம். நல்ல பொருத்தம்."

எருமை எங்கள் ஊரில் திட்டு என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். ஒத்துக்கொண்டேன். பெருமையாகவே இருந்தது.

பிப். 14, சனி

நாள் முழுக்கக் கீழே. புத்தாண்டுப் பலகாரம்: ஒட்டரிசி, பாசிப்பருப்பு, பன்றி இறைச்சி. இலையில் சதுரமாக மடித்து நாரால் கட்டணும். துங் அண்ணன் கட்டியது செங்கல், நான் கட்டியது தலையணை. எனக்கு மட்டும் இறைச்சி இல்லாமல் இரண்டு, நான் கேட்காமலே. பத்து மணி நேரம் வேகுமாம். புத்தாண்டன்று பெருக்கினால் அதிர்ஷ்டமும் போய்விடும், அதனால் அக்கா துடைப்பத்தை ஒளித்துவைக்கிறார். இத்தனை வருடம் இந்த ஊரில். ஒன்றையும் விடவில்லை இவர்கள்!

அம்மாவிடம் போனில் எல்லாம் சொன்னேன். முழுதும் கேட்டுக்கொண்டாள். பிறகு:

"அப்பா போயி இன்னும் வருஷம் திரும்பலயே கண்ணா. அவங்ககிட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. இந்த ஊரில் யாரிடமும். செப்டம்பரில் பத்து நாள் லீவு, ‘குடும்பக் காரணம்’. அவ்வளவுதான் எழுதிக் கொடுத்தது.

பிப். 15, ஞாயிறு

நெட்டில் தேடினேன். அவர்களிடமும் அதே வழக்கம். துக்கம் உள்ளவர் தெத் அன்று அடுத்த வீட்டுக்குப் போகக்கூடாது. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் துங் அண்ணன் மார்பில் அந்த ஆபரேஷன் தழும்பு. இறங்கிப் போனேன்.

லான் அக்கா பூங்கொப்புகளை வெட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"அஞ்சு மாசமா மேல தனியாவா இருந்தே?"

வெட்டி விழுந்த கொப்புகளைப் பொறுக்கினேன்.

"சொன்னது நல்லது. வேற ஆள் பாத்துக்கறேன்."

மேலே வந்து பாத்திரம் கழுவினேன். கழுவியதையே மறுபடியும்.

பிப். 17, செவ்வாய்

லீவு. லேசான பனி. ஒன்பது மணிக்குக் கீழே சிரிப்புச் சத்தம், மூன்றாம் மாடி டீச்சர்தான் முதல் ஆள். நல்ல தேர்வு. யார் கண்ணிலும் பட வேண்டாம் என்று அறையிலேயே இருந்தேன்.

பத்தரைக்குக் கதவு தட்டல். லான் அக்கா, நீலப் பட்டில். கையில் நான் கட்டிய தலையணைப் பலகாரம் ஒன்று, ஊதுபத்தி. பின்னால் துங் அண்ணன், ஒவ்வொரு படியாக, மூச்சு வாங்க.

"நீதான் வரக்கூடாது. நாங்க வரலாம். துக்க வீட்டுக்குப் போய்ப் பாக்கணும், அதுவும் எங்க வழக்கம்தான்."

அப்பா படம் போனில் மட்டும்தான். சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தேன். புகை அலாரத்துக்குப் பயந்து ஜன்னலைத் திறந்தேன். இருவரும் மூன்று முறை குனிந்து வணங்கினார்கள். கட்டிலில் உட்காரச் சொன்னேன்.

துங் அண்ணன் கேட்டார்: "என்ன வேலை பாத்தாரு?"

பஸ் டிரைவர், திருச்சி–மதுரை. தொடங்கியவன் நிறுத்தவில்லை. ஹாரன் அடிக்கவே கூச்சப்படுவார் என்று, டீக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை என்று, கோபம் வந்தால் வேட்டியை மடித்துக் கட்டுவார் என்று. ஐந்து மாதமாக வராத அழுகை எல்லாம் அதற்கு நடுவில்.

கீழே விருந்தாளிகள் காத்திருந்தார்கள். இவர்கள் எழுந்திருக்கவில்லை.